முறைப்பாட்டுப் புத்தகத்தின் வலது பக்கம்

நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கேத்தல் கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் தண்ணீர் வற்றுமே தவிர, சூடு ஏறாது. இரவெல்லாம் குளிரில் கிடந்த பீங்கான் கோப்பையில் அதை ஊற்றினால், மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதிச் சூட்டைக் கோப்பையே குடித்துவிடும். தேயிலை விற்பனை நிலையத்தில் வேலை பார்க்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்வாள். ஆனால் “தேத்தண்ணி சூடாக இல்லை” என்று ஒருவர் எழுதிவைத்துப் போன மறுநாள் காலையில், எங்களில் ஒருவரையும் கேட்காமல் சுவரில் ஒரு சட்டம் ஒட்டப்பட்டது. எந்த மேசையிலிருந்து தேத்தண்ணி திரும்பி வருகிறதோ, அந்த மேசையைப் பார்த்த பிள்ளையின் சம்பளத்தில் அதற்கான காசு கழிக்கப்படும் என்று அதில் இருந்தது.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன். அதற்குப் பிறகு, நுவரெலியா வீதியில் தொழிற்சாலையை ஒட்டியிருந்த ஒரு தேயிலை விற்பனை நிலையம். இப்போது வேறோர் இடத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வாழ்க்கையின் பெரும்பகுதி கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே போயிருக்கிறது. வாடிக்கையாளரின் கோபத்தை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. காசு கொடுத்து வாங்குகிறவர் குறை சொல்லத்தான் செய்வார், சொல்லவும் வேண்டும். என்னை இத்தனை காலமும் வருத்துவது வேறொரு பழக்கம். ஒருவர் சொன்ன குறையை விசாரிக்காமலேயே எல்லோருக்குமான சட்டமாக்கிச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். குறை சொன்னவர் அன்றைக்கே மறந்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார். சட்டம் மட்டும் வருடக்கணக்கில் சுவரிலேயே இருக்கும்.

அந்தச் சூட்டுச் சட்டம் எங்களை என்ன பாடு படுத்தியது என்று சொல்கிறேன். கழிவுக்குப் பயந்து பிள்ளைகள் தேயிலையைக் கேத்தலிலேயே போட்டு, அடுப்பை விட்டு இறக்காமல் வைத்திருக்கத் தொடங்கினார்கள். மூன்று நான்கு நிமிடம் ஊறவிட்டு வடிக்க வேண்டிய பி.ஓ.பி. ரகத் தேயிலை அரைமணி நேரம் வெந்தது. தேத்தண்ணி சுட்டது, கூடவே நாக்கைப் பிடித்து இழுக்கும் அளவுக்குக் கசந்தது. அடுத்த வாரம் “கசக்கிறது” என்று ஒரு முறைப்பாடு. உடனே இன்னொரு சட்டம் வந்தது: ஊற வைத்த தேத்தண்ணியை ஐந்து நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆறினாலும் கழிவு, கசந்தாலும் கழிவு. பஸ்ஸில் வந்து இறங்கிய நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் பரிமாறும்போது இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிக்க எந்தப் பிள்ளையாலும் முடியாது.

பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் முதல் நாளே வழி சொன்னார். “கோப்பைய சுடுதண்ணில முக்கி எடுத்துட்டு ஊத்துனா ஆறாது புள்ள. தொர பங்களாவுல எங்கப்பா அப்புடித்தான் செய்வாரு” என்றார். அவருடைய அப்பா பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். அந்த ஒரு வரியை மனேஜரிடம் கொண்டுபோய்ச் சொல்ல எங்களுக்கு வழியில்லை. சட்டம் போட்ட பிறகு அதைப் பற்றிப் பேசுவதே எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பல மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். கோப்பைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அக்கா சொன்னதையே ஆங்கிலத்தில் சொன்னார். அன்று மாலையே கோப்பை முக்கி வைக்க ஒரு பெரிய தட்டு வந்தது. அதற்குள் பிள்ளைகளின் சம்பளத்தில் போன காசு போனதுதான்.

சாயத்தைப் பற்றியும் இப்படித்தான். எங்கள் ஊர்த் தேயிலை உயர்நிலத் தேயிலை. ஊற்றினால் இளம் பொன் நிறத்தில் இருக்கும். வாசம்தான் அதன் பெருமை. ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்று வீசும் காலத்தில் எடுக்கும் கொழுந்துக்கு இருக்கும் மணத்தை வேறெங்கும் தேடிப் பிடிக்க முடியாது. காலி, மாத்தறைப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை கருஞ்சிவப்பாக இறங்கும். அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் தேத்தண்ணியைப் பார்த்தால், தேயிலையை மிச்சம் பிடித்து ஊற்றிவிட்டோம் என்றுதான் தோன்றும். “சாயமே இல்லை, ஏமாற்றுகிறார்கள்” என்று எழுதிவிடுவார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை, தெரியாததைத் தெரியாமல் எழுதுகிறார்கள். ஆனால் தேயிலையை விற்கிற நிறுவனத்துக்குத் தெரியுமே! ஒரு பலகையில் நான்கு வரி எழுதி வைத்திருக்கலாம். அதைச் செய்யாமல், கோப்பைக்கு எத்தனை கரண்டி போட்டாய் என்று பிள்ளைகளை நிற்க வைத்துக் கேட்டார்கள்.

இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை ஏப்ரல் மாதத்தில் பிறந்தவை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வசந்த காலத்தில் நாடே நுவரெலியாவுக்கு ஏறி வரும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, வாவியில் படகு, வீதியெல்லாம் வாகன நெரிசல். இரண்டு கல்லாப் பெட்டிகளில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். கழிப்பறையில் தண்ணீர் வராது. அந்த எரிச்சல் எல்லாம் முன்னால் நிற்கிற பிள்ளையின் தலையில்தான் விழும். முதலாளி மூன்றாவது கல்லா வைக்க மாட்டார். “பிள்ளைகள் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும்” என்று எழுதி ஒட்டுவார். நெரிசல் காலத்தில் போட்ட சட்டம், ஆளே வராத ஜூன் மாத மழையிலும் அப்படியே இருக்கும்.

ஸ்வெட்டர் சட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படியும். எங்கள் கடையில் தோட்டத்தைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. வருகிறவர்கள் மலையைப் பார்க்க வேண்டும் என்று அதை எப்போதும் திறந்தே வைத்திருப்பார்கள். நாங்கள் சீருடைச் சேலைக்கு மேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நிற்போம். ஒருத்தியுடையது பழுப்பு, ஒருத்தியுடையது நீலம், இன்னொருத்தி அண்ணனுடையதைப் போட்டிருப்பாள். அழகான இடத்தில் பணிப்பெண்கள் அலங்கோலமாக நிற்கிறார்கள் என்று ஒருவர் படம் எடுத்து, கடையின் கூகுள் பக்கத்தில் இரண்டு நட்சத்திரத்தோடு போட்டுவிட்டார். அடுத்த நாளிலிருந்து கடைக்குள் ஸ்வெட்டர் போடக் கூடாது.

சேலைக்குள் இரண்டு பெனியன் போட்டுக்கொண்டு வந்தோம். விரல் மரத்துப்போய், பெட்டியைச் சுற்றும் பொன்னிறக் காகிதத்தைச் சரியாக மடிக்க வராது. காய்ச்சலோடு வந்து நின்ற பிள்ளைகள் உண்டு, லீவு எடுத்தால் வருகைப் படி போய்விடும் என்பதால். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்திருந்தால் அந்த முறைப்பாட்டுக்கு அன்றே பதில் கிடைத்திருக்கும். நுவரெலியாச் சந்தையில் அடுக்கடுக்காகத் தொங்குவதே ஸ்வெட்டர்கள்தான். செலவு முதலாளியின் பக்கம் வருகிற எந்தத் தீர்வும் அந்தச் சுவருக்கு வந்து நான் பார்த்ததில்லை. முறைப்பாடு எதுவாக இருந்தாலும், அதற்கான விலையைப் பிள்ளைகள்தான் கொடுத்தார்கள்.

தமிழில் பேசக் கூடாது என்ற சட்டமும் அப்படியான ஒரு முறைப்பாட்டிலிருந்து வந்ததுதான்.

கவுண்டரில் நின்ற பிள்ளை, தட்டில் பெட்டி தீர்ந்துவிட்டதைப் பார்த்து, ஏணியில் நின்றவளிடம் “பி.ஓ.பி. முடிஞ்சிருச்சு, மேலருந்து ரெண்டு குடு” என்றாள். ஏணியில் நின்றவள் பெட்டியைத் தவறவிடப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். முன்னால் நின்ற அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. தன்னைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். அவரிடம் ஒரு வார்த்தை விளக்கியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். மனேஜர் மன்னிப்புக் கேட்டு, விலையில் கழிவும் கொடுத்து அனுப்பிவிட்டு, மாலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். இனி, தமிழ் வாடிக்கையாளரோடு தவிர கடைக்குள் யாரும் தமிழில் பேசக் கூடாது என்றார்.

நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தமிழர்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. 1999இல் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. அரசாங்க அலுவலகத்துக்குப் போனால் தமிழில் படிவம் கேட்கலாம் என்று நாட்டுச் சட்டம் சொல்கிறது. அதே ஊரில், அதே மலையில் பறித்த தேயிலையை விற்கும் கடையில், பக்கத்தில் நிற்பவளிடம் ஒரு பெட்டியை எடு என்று தமிழில் கேட்க எங்களுக்கு அனுமதி இல்லை. எனக்குச் சிங்களம் வரும். ஹட்டன் கடையில் கற்றுக்கொண்டேன். இராகலைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த பிள்ளைக்கு அவ்வளவாக வராது. நன்றாகக் கலகலவென்று பேசுகிறவள், வாயை மூடிக்கொண்டு திரிந்தாள். வேலை தெரியாதவள் என்று அவளுக்குப் பெயர் வந்தது.

கொதிதண்ணீர்க் கேத்தலைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் போகும்போது, “சூடு, சூடு” என்று சத்தம் கொடுத்துக்கொண்டே போவோம். அந்த ஒடுக்கமான வழியில் அதுதான் பாதுகாப்பு. ஒரு நாள் அந்தப் பிள்ளை கேத்தலோடு வந்தாள். முன்னால் குனிந்து அலுமாரியைத் திறந்துகொண்டிருந்தவளுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. எதிரே வாடிக்கையாளர்கள். இவள் சத்தம் கொடுக்கவில்லை. குனிந்தவள் நிமிர்ந்தபோது முழங்கை கேத்தலில் இடித்து, அவள் மணிக்கட்டிலிருந்து விரல் வரை தண்ணீர் கொட்டியது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். “வாயத் திறந்து சொல்றதுக்கு என்னா?” என்று மனேஜர் சத்தம் போட்டார். “பேசக் கூடாதுன்னுதானே சேர் சொன்னீங்க” என்று அந்தப் பிள்ளை அழுதுகொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு யார் தமிழில் பேசினாலும் மனேஜர் கண்டுகொள்ளவில்லை. ஆனால் சட்டத்தைத் திரும்பப் பெற்றதாக ஒருநாளும் சொல்லவில்லை. ஆளைப் பிடிக்காவிட்டால் எடுத்துக் காட்டுவதற்கு அது அங்கேயே இருந்தது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. அம்மா கொழுந்து எடுத்தவர். கொழும்பில் 1883இலிருந்து தேயிலை ஏலம் நடக்கிறது. அங்கே ஒரு தோட்டத்துத் தேயிலையைச் சுவைத்துப் பார்க்கும் தரகர், இலை முரடாக இருக்கிறது, ஈர்க்கு அதிகம் என்று எழுதினால், அந்தக் கடிதம் தோட்டத்துத் துரைக்கு வரும். துரை தொழிற்சாலை அதிகாரியைக் கேட்பார். அவர் வெளிக்களத்தைக் காட்டுவார். கணக்கப்பிள்ளை, கங்காணி என்று இறங்கி, கடைசியில் மலையில் தராசுக்குப் பக்கத்தில் அது ஒரு சட்டமாக வந்து நிற்கும். முற்றின இலைக்கு இத்தனை கிலோ வெட்டு. ஈரத்துக்கும் சாக்குக்கும் வழக்கமாக வெட்டுவது தனி. நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். பத்து நாளைக்கொருமுறை எடுக்க வேண்டிய மலையை, ஆள் பற்றாமல் பதினைந்து நாள் விட்டதனால் இலை முற்றியது என்பதை அம்மா அறிவார். அவரோடு நிரையில் நின்ற அத்தனை பேரும் அறிவார்கள். அந்தக் காரணம் கொழும்புக்குப் போனதில்லை. குறை மேலிருந்து கீழே வருவதற்கு அத்தனை படிகள் இருந்தன. பதில் கீழிருந்து மேலே போக ஒரு படியும் இல்லை. என் கடையிலும் அதே கதைதான்.

ஒரு வித்தியாசம் உண்டு, அதை அம்மாதான் சொன்னார். தோட்டத்தில் சங்கம் இருந்தது. கொழுந்து வெட்டு அளவுக்கு மீறினால் தோட்டத் தலைவர் ஆபீசுக்குப் போவார். மாதர் தலைவி கூடவே போவார். தராசடியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிறுக்க மாட்டோம் என்று பெண்கள் நின்ற நாட்கள் உண்டு. “ஒங்க கடையில தலைவர் யாரு?” என்று அம்மா கேட்டார். எங்களுக்கு ஒருவரும் இல்லை. ஒவ்வொரு கடையிலும் ஐந்தோ பத்தோ பேர். பாதிப் பேர் கலியாணம் வரைக்கும்தான் வேலை என்று வந்தவர்கள். சங்கம் என்ற பேச்செடுத்தால் நாளைக்கு வேறு பிள்ளை வந்து நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனாலும் கடைப் பெண்களால் முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். கேரளத்துக் கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்ற கடைத்தெரு இருக்கிறது. அங்கே துணிக்கடைகளிலும் சிறு கடைகளிலும் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பறைக்குப் போக வசதி இல்லை. நாள் முழுக்க உட்காரவும் கூடாது. தண்ணீர் குடிக்காமலேயே வேலை செய்தார்கள். தையல் வேலை செய்துகொண்டிருந்த விஜி என்பவர் அந்தப் பெண்களைத் திரட்டி, 2009இல் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். 2014ஆம் ஆண்டின் முடிவில் திருச்சூரில் ஒரு பெரிய துணிக்கடையின் பெண்கள் வெளியே உட்கார்ந்து போராட்டம் தொடங்கி, மாதக்கணக்கில் நடத்தினார்கள். உட்காரும் உரிமையைக் கேட்டு உட்கார்ந்தே நடத்திய போராட்டம் அது. 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று ஆக்கியது. 2021 செப்டெம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலும் அதே வகைத் திருத்தம் வந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சென்னை தியாகராய நகர் துணிக்கடைப் பிள்ளைகளின் வாழ்க்கையை 2010இல் ‘அங்காடித் தெரு’ படத்தில் பார்த்துவிட்டு, எங்கள் லயத்துக் காம்பராவில் பிள்ளைகள் அழுதது நினைவிருக்கிறது. அந்தக் கதை எங்களுக்குப் புதிதாக இல்லை.

பிரித்தானியாவில் 1899இலேயே, பெண்கள் வேலை செய்யும் கடைகளில் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை வைக்க வேண்டும் என்று தனிச் சட்டம் போட்டார்கள். எங்கள் முன்னோர் பறித்த தேயிலையை லண்டன் கடைகளில் விற்ற பெண்களுக்கு அந்த நாளிலேயே உட்கார இடம் கிடைத்தது. நூறு வருடத்துக்கு மேல் கழித்து அதே தேயிலையை அது விளைகிற மலையிலேயே விற்ற எங்களிடமிருந்து, முன்பு கவுண்டருக்குப் பின்னால் இருந்த ஒரேயொரு ஸ்டூலும் எடுக்கப்பட்டது. “நான் உள்ளே வந்தபோது ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்” என்று ஒருவர் எழுதியதுதான் காரணம். அன்று உட்கார்ந்திருந்தவள் ஏழு மாதக் கர்ப்பிணி. எழுதியவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை, கவுண்டர் மறைத்திருக்கும். மனேஜருக்குத் தெரியும். அவர் ஏன் அதை அந்த வாடிக்கையாளருக்குப் பதிலாக எழுதவில்லை என்பதற்கு இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.

நம் நாட்டுச் சட்டத்தையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். கடை, காரியாலய ஊழியர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று அது வரையறுக்கிறது. நியமனக் கடிதம் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது. சம்பளத்தில் நினைத்தபடி கை வைக்க முதலாளிக்கு அது இடம் கொடுக்கவில்லை. ஆறின தேத்தண்ணிக்கும், விரல் பட்டுக் கசங்கிய காகிதத்துக்கும் எங்களிடம் கழித்ததெல்லாம் எந்தக் கணக்கில் வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கையில் நியமனக் கடிதமே இல்லாதவள் எதை நீட்டிக் கேட்பாள்? வாடிக்கையாளருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த நுகர்வோர் அதிகார சபை இருக்கிறது, 1977 என்று ஓர் இலக்கத்தை அழுத்தினால் போதும். நல்லதுதான். எங்களுக்கும் தொழில் திணைக்களம் இருக்கிறது. ஆனால் அங்கே போவதற்கு லீவு வேண்டும், லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

மேற்பார்வையாளரான பிறகு நான் முதலில் கை வைத்தது முறைப்பாட்டுப் புத்தகத்தில். புத்தகத்தைத் திறந்தால் இடது பக்கம் வாடிக்கையாளர் எழுதுவார். வலது பக்கத்தை வெறுமையாக விடச் சொன்னேன். அன்று மாலை கடை சாத்துவதற்கு முன்னால், அந்த மேசையில் அல்லது கவுண்டரில் நின்ற பிள்ளை, என்ன நடந்தது என்று அதில் எழுத வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ, அவளுக்கு வருகிற மொழியில். எழுத வராவிட்டால் சொல்லட்டும், நான் எழுதுகிறேன். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்த பிறகுதான் பேச்சு. முதலாளி இதற்குச் சும்மா சம்மதிக்கவில்லை. வாடிக்கையாளர் எழுதியதற்குப் பக்கத்தில் வேலைக்காரப் பிள்ளை எழுதுவதா என்று கேட்டார். அரசாங்கத்திலும் குற்றம் சாட்டினால் விளக்கம் கேட்டுத்தானே கடிதம் கொடுக்கிறார்கள், விளக்கத்தை வாங்கி வைத்தால் நாளைக்கு உங்களுக்குத்தான் நல்லது என்றேன். அந்தக் கடைசி வார்த்தைதான் அவரை அசைத்தது.

வலது பக்கம் நிறைய நிறைய, முதலாளியே அதைத் தேடிப் படிக்கத் தொடங்கினார். பிள்ளைகளின் நடத்தையைப் பற்றிய முறைப்பாடு மிகக் குறைவு. வரிசை, விலை, கழிப்பறை, வாகனம் நிறுத்த இடம் இல்லாதது என்று இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. 2022இல் பால்மாவே கிடைக்காமல் இருந்த மாதங்களில் பால் தேத்தண்ணி இல்லை என்று எத்தனை பேர் பிள்ளைகளைத் திட்டினார்கள் என்பதும் அதில் இருக்கிறது. “மெதுவாக வேலை செய்கிறாள்” என்ற ஒரு முறைப்பாட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பிள்ளை, “அட்டை மெசின் லைன் இல்ல. நாலு தரம் போட்டேன். அந்த சேர் பாத்துக்கிட்டுதான் இருந்தாரு” என்று எழுதியிருந்தாள். மறுவாரம் வேறு தொலைபேசிக் கம்பெனியின் இணைப்புக் கொண்ட மெசின் வந்தது. தப்பு பிள்ளையுடையதாகவே இருந்த சந்தர்ப்பங்களும் உண்டு. அப்போது அந்தப் பிள்ளையோடு தனியாகப் பேசினேன். அவளால் மற்றவர்களுக்குச் சட்டம் போடவில்லை.

இன்னொன்றும் செய்தேன். சுவரில் ஒட்டுகிற எந்த அறிவித்தலிலும் அது என்றுவரை என்று திகதி இருக்க வேண்டும். ஏப்ரலில் போட்டது மே முதலாம் திகதியோடு கிழிக்கப்படும். மீண்டும் வேண்டுமென்றால் ஏன் என்று சொல்லிவிட்டு மீண்டும் ஒட்டட்டும். ஸ்டூல் இரண்டு போட்டிருக்கிறோம். அதைப் பற்றி ஒருவர் எழுதினார். “காலை எட்டிலிருந்து நிற்கிறார்கள்; ஆளில்லாத நேரத்தில் உட்காரும்படி நாங்கள்தான் சொல்லியிருக்கிறோம்” என்று முதலாளி தன் கையெழுத்திலேயே பதில் எழுதினார். எழுதிய வாடிக்கையாளர் அடுத்த வருடமும் வந்து தேயிலை வாங்கிக்கொண்டு போனார். நிற்க வைத்தால்தான் வியாபாரம் நடக்கும் என்பது முதலாளிமாரின் பயமே தவிர, உண்மை இல்லை. இதை நான் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்கிறேன்.

இந்த மலையில் கடை வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. அறிவித்தல் எழுதப் பேனாவை எடுக்கும் முன், அந்த நேரத்தில் அங்கே நின்ற பிள்ளையைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் கேளுங்கள். வேலைக்கு வருகிற தங்கச்சிமார், சேர்ந்த முதல் வாரமே நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளத்தில் கழிவு வந்தால் எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் வருகிற உங்களிடமும் ஒரு வேண்டுகோள். குறை இருந்தால் தாராளமாக எழுதுங்கள். எது, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று விபரமாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் அதன் கீழே, “வேலை செய்த பிள்ளையிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எங்கள் முதலாளிமார் வாடிக்கையாளர் எழுதிக் கேட்டதைத் தட்டுவதில்லை.